கைப்பேசியும் கணக்குப் பாடமும்

(நமது சங்கத்தின் காரைக்கால் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எனக்கு இட்ட பணி, பள்ளிக்கூடத்துக் கணக்கைத் தொலைவிலிருந்து கற்பிக்கும் கைப்பேசிச் செயலிகள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைப் பற்றிச் சில சொல்லுதலாம். நமது சங்கத்தின் கல்வி நிதியைக் கொண்டு, சங்கத்தின் பெயராலேயே அத்தகைய செயலியொன்றைச் செய்வித்துப் பிள்ளைகளுக்கு வழங்கலாம் என்று அன்பர் சிலர் கருதுகின்றனர். அவர்தம் எண்ணம் நல்லெண்ணமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிதி என்பது விதவைத் தாயாரும் சிறு கடைக்காரரும் உள்ளிட்ட பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள். அதனைச் செலவிடுமுன் இப்பொருளின் இயல்பை நன்கு ஆராய்ந்து தெளிதல் நம் கடமை. அவ்வாராய்ச்சிக்கு உதவும் பொருட்டே இச்சிறு சொற்பொழிவை நிகழ்த்த முன்வந்தேன்.

இவ்வாராய்ச்சி எற்றுக்கு?

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோயின் காரணமாகத் தேசமெங்கும் பள்ளிகள் அடைபட்டன. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருவரையொருவர் காணாது மாதக்கணக்கில் இருந்தனர். அக்காலத்தில் கைப்பேசியே பள்ளிக்கூடமாயிற்று. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி அப்பொழுது பெரிதும் துணை செய்தது. 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களின் ஓரங்களில் சதுரவடிவக் குறியீடுகள் அச்சிடப்பெற்றிருந்தன. கைப்பேசியை அவற்றின்மேற் பிடித்தால் ‘திக்‌ஷா’ என்னும் செயலியின் வழியாகப் பாடப்படங்கள் தோன்றும். நம் காரைக்காலின் உயர்வகுப்பு மாணாக்கரும் அந்நூல்களையே அக்காலத்திற் பயின்றனராதலின், அவ்வசதி அவர்க்கும் எட்டிற்று.

எட்டிற்று என்றேன், எல்லார்க்கும் எட்டிற்று என்று சொல்ல இயலவில்லை. கிராமப்புறங்களில் நிகழ்த்தப்பெறும் ‘ஏசர்’ ஆய்வின்படி, பள்ளியிற் பதிவுபெற்ற பிள்ளைகளுள் வீட்டில் திறன்பேசி உடையோர் 2018-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 36.5 பேர், 2021-ஆம் ஆண்டில் 67.6 பேர். மூன்றாண்டில் இது பெரும் வளர்ச்சியே. ஆனால் அவ்வாய்வே மற்றொன்றும் கூறுகின்றது: திறன்பேசி வீட்டில் இருந்தும் அதனைத் தொடவே வாய்ப்பற்ற பிள்ளைகள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். கருவி வீட்டில் இருத்தல் வேறு. பிள்ளையின் கையில் இருத்தல் வேறு என்பதை இவ்வெண்ணிக்கை நன்கு விளக்குகின்றது.

நோய் நீங்கிப் பள்ளிகள் திறந்துவிட்டன. இனி இப்பேச்சு எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். நம் ஊரின் இயல்பை நினைமின்கள். காரைக்கால் கடலோரத்துத் தாழ்நிலம். அரசலாறும் அதன் உடன்பிறப்புக்களாகிய ஆறுகளும் கடலோடு கலக்கும் இடம். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பள்ளிகட்கு விடுமுறை விடுதல் ஆண்டுதோறும் நாம் காண்பதே. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியபொழுது நம் பகுதியும் அல்லலுற்றது. அன்றியும், நமது ஊர் நான்கு புறத்தும் அயல் மாநிலத்தாலும் கடலாலும் சூழப்பெற்று, தலைநகராகிய புதுச்சேரிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தொலைவிலிருந்து கற்கும் வழி நமக்கு ஆடம்பரமன்று, தேவையே.

கணக்குத் தொலைவிலிருந்து கற்கப்படுமா?

படும் என்பதற்கு நம் காவிரி நாடே சான்று. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் அவர்கள், கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த சூத்திரத் திரட்டொன்றைத் துணையாகக் கொண்டு, ஆசிரியரின்றியே கணிதக் கடலில் நீந்தினார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்துகொண்டு, 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் பேராசிரியர்க்குக் கடிதம் எழுதினார். கடல்கடந்த அக்கடிதப் போக்குவரத்தே தொலைவழிக் கணிதக் கல்விக்குப் பேருதாரணம்.

ஆனால் இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? நூல் ஒன்றைக் கையிற் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே கற்கும் என்பதன்று. அங்ஙனம் கற்பவர் கோடியில் ஒருவர். ராமானுஜன் அனுப்பிய முடிபுகளைக் கண்டு வியந்த ஹார்டி உடனே கேட்டது யாதெனில், இம்முடிபுகட்கு நிரூபணம் யாது என்பதே. விடை கண்டாய், வழி காட்டு என்றார். தொலைவிலுள்ள ஆசிரியன் ஒருவன் செய்யத்தக்க தலையாய காரியம் அது. இக்காலத்துச் செயலிகளிற் பெரும்பாலன விடையை மட்டும் கேட்டு, ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ மணியடித்துவிட்டுப் போகின்றன. வழியைக் கேளாத செயலி ஆசிரியனாகாது. தேர்வுக்கூடத்துக் காவலாளியே ஆகும்.

மற்றோர் உதாரணம், நம் காலத்தது. குடும்பப் பாசத்தினின்று பிறந்தது. சல்மான் கான் என்பார் 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்துகொண்டு, தொலைதூரத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருந்த தம் உறவுப் பெண்ணொருத்திக்குத் தொலைபேசியின் வாயிலாகக் கணக்குக் கற்பித்தார். பிறகு உறவினர் பிள்ளைகள் பலரும் கேட்கவே, படங்களாகப் பதிவு செய்து வெளியிடலானார். அதுவே வளர்ந்து ‘கான் அகாடமி’ என்னும் இலவசக் கல்வி நிலையமாயிற்று. உலகெங்கும் பரந்த அம்மரத்தின் வித்து, ஓர் உறவுக்காரர் ஒரு சிறு பெண்ணின் இடர்ப்பாட்டைத் தொலைபேசியிற் பொறுமையுடன் கேட்டமையே என்பதை நம் போன்ற சங்கத்தார் மறத்தலாகாது.

திண்ணைப் பள்ளியின் முறை

நம் முன்னோர் கணக்குக் கற்பித்த முறையையும் சிறிது நோக்குதல் நலம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயிற்றப்பட்டது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்பன அதன் உறுப்புக்கள். பொன்னை எண்ணவும், நெல்லை அளக்கவும், நிலத்தின் பரப்பைக் காணவும் வேண்டிய கணக்குக்கள் அவை. ஒன்றை நான்காக்கினால் கால், எட்டாக்கினால் அரைக்கால், பதினாறாக்கினால் மாகாணி, இருபதாக்கினால் மா, எண்பதாக்கினால் காணி, முந்நூற்றிருபதாக்கினால் முந்திரி. இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னம் என்றவுடன் அஞ்சுகின்றது. அன்று அதே வயதுப் பிள்ளை முந்திரி வரையில் வாய்ப்பாடாகச் சொல்லிற்று. மனப்பாடம் மட்டும் போதாது என்பது மெய்யே. ஆயினும் அவர்தம் பின்னங்களுக்கு நெல்லும் நிலமும் பொருளாக நின்றன என்பதை நோக்குக.

அப்பள்ளிகளில் மணலில் விரலால் எழுதுவர், வாயாற் சொல்லுவர், மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுப்பான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியில் அதனை மேற்கொண்டு, மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் நிறுவினார். 1797-ஆம் ஆண்டு இலண்டனில் அவர் அதனை நூலாக வெளியிட, ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அது மேனாட்டிற் பரவிற்று.

மணலில் எழுதுவதன் சிறப்பு யாது? தவறினால் ஒரு கைவீச்சில் அழித்துவிடலாம், மானக்கேடில்லை, செலவில்லை. சட்டாம்பிள்ளையின் சிறப்பு யாது? அவன் அண்மையிலேதான் அப்பாடத்தைக் கற்றவனாதலின், இளையவன் எங்கே இடறுவான் என்பதை அறிவான். நல்ல செயலிக்கு வேண்டிய இரண்டு குணங்கள் இவையே: அழித்தெழுத அஞ்சாத இடமும், இடறும் இடத்தை அறிந்த துணையும்.

பிள்ளை தவறும் வழி

கணக்கில் பிள்ளை செய்யும் தவறு பெரும்பாலும் கவனக்குறைவன்று; அதற்கும் ஒரு முறையுண்டு. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் பலர். ஏன்? ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாதெனக் கண்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதிவிடுகின்றனர். அரையும் மூன்றிலொன்றும் கூட்டினால் எவ்வளவு என்றால் ஐந்தில் இரண்டு என்பர். மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் தனித்தனியே கூட்டிவிட்டனர். 0.45, 0.6 என்னும் இரண்டில் பெரியது எது என்றால் 0.45 என்பர், 45 என்பது 6-ஐ விடப் பெரிதன்றோ என்று கருதுகின்றனர்.

இம்மூன்று விடைகளுக்கும் ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று மட்டும் சொல்லும் செயலியால் யாது பயன்? மீண்டும் அதே வழியிற் சென்று அதே விடையைத்தான் பிள்ளை தரும். மூன்றாம் முறை கைப்பேசியைக் கீழே வைத்துவிடும். 35 என்னும் விடை வந்தவுடன், பத்துக்கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டி, ஐந்து பத்துக்களில் ஒன்று இரண்டு ஒன்றுகளோடு சேர்ந்து பன்னிரண்டு ஒன்றுகளாகும் வகையைக் கண்முன் நிறுத்துவதே செயலியின் வேலை. ஆகவே, செயலி செய்வோர் முதலில் உட்கார்ந்து எழுதவேண்டியது நிறமும் படமும் அல்ல. எந்தெந்தத் தவறான விடை எந்தெந்தத் தவறான எண்ணத்திலிருந்து பிறக்கின்றது என்னும் பட்டியலே. அப்பட்டியலைத் தரவல்லார் முப்பதாண்டு கரும்பலகையின் முன் நின்ற கணக்காசிரியர்.

கைக்கு இசைந்த கருவி

இனி, கருவியின் அமைப்பைப் பற்றிச் சில கூறுவேன். சிறியனவாகத் தோன்றினும் பிள்ளை கற்பதும் கல்லாததும் இவற்றாலேயே நிகழ்கின்றன.

முதலாவது, கணக்கை எழுதும் முறை. நாம் கூட்டலை வலப்புறத்திலிருந்து எழுதுகின்றோம். ஒன்றின் இடத்தை முதலில் எழுதி, மிச்சத்தைப் பத்தின் இடத்துக்குக் கொண்டுபோகின்றோம். கைப்பேசியின் எழுத்துப்பெட்டியோ இடப்புறத்திலிருந்து நிரப்புகின்றது. 48-ஐயும் 37-ஐயும் கூட்டும் பிள்ளை முதலிற் கண்ட 5-ஐ அழுத்தி, அடுத்து 8-ஐ அழுத்தினால் திரையில் 58 என்று நிற்கும். பிள்ளை கண்ட விடை 85. செயலி கேட்டது 58. தவறு பிள்ளையினுடையதன்று, பெட்டியினுடையது. இவ்வாறே இரண்டரை என்பதை எழுதப் புகுந்து, 2, 1, சாய்கோடு, 2 என்று அழுத்தினால், செயலி அதனை 21-இல் பாதியெனக் கொண்டு பத்தரை ஆக்கிவிடுகின்றது. ஆதலின் முழுவெண்ணுக்கு ஓர் இடமும், பின்னத்தின் தொகுதிக்கும் பகுதிக்கும் மேலும் கீழுமாக இரண்டு இடங்களும் தனித்தனியே அமைதல் வேண்டும்.

இரண்டாவது, காகிதத்தை ஒழிக்கலாகாது. ஐந்து சென்டிமீட்டர்க் கோடு ஒரு கைப்பேசியில் நான்காகவும் மற்றொன்றில் ஆறாகவும் தோன்றும். கவராயத்தையும் கோணமானியையும் கையாற் பிடித்துப் பழகாத பிள்ளை வடிவகணிதத்தைக் கற்றதாகாது. 2001-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பார் தொடங்கிய ‘ஜியோஜீப்ரா’ என்னும் செயலி, முக்கோணத்தின் முனையை விரலால் இழுத்து, கோணங்கள் மாறினும் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிற்பதைக் காட்டவல்லது. இது கரும்பலகையால் இயலாதது, கைப்பேசியின் தனிச்சிறப்பு. அதைக் கண்டபின் காகிதத்தில் வரைந்து, படம்பிடித்து ஆசிரியர்க்கு அனுப்பச் செய்தலே முறை. கண்டது திரையில், கற்றது காகிதத்தில்.

மூன்றாவது, விரலும் கண்ணும். தொடும் பொத்தான்கள் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமேனும் இருத்தல் வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு முறையின் வழிகாட்டல். வெளிறிய நிறத்தின்மேல் வெளிறிய எழுத்தை அமைப்பின், பகல் வெளிச்சத்தில் திண்ணையிலமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. கீறல் விழுந்த பழைய கைப்பேசியே பிள்ளையின் பங்குக்கு வரும் என்பதை அமைப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

நான்காவது, நேரமும் இணையமும். தந்தையார் கடைக்கோ, வயலுக்கோ, கடலுக்கோ செல்லுங்கால் கைப்பேசியும் அவருடனே செல்லும். அவர் மீண்டபின் இரவில் ஒருமணி நேரம் கிட்டும்; அதனை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே பாடம் பதினைந்து நிமிடத்துள் ஒரு கட்டத்தை முடிக்கவேண்டும். இடையிலே அழைப்பு வந்தால் விட்ட இடத்தினின்று தொடர வேண்டும். ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகட்கும் தனித்தனிக் கணக்கேடு இருத்தல் வேண்டும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றியே நடைபெற வேண்டும். ‘கோலிப்ரி’ என்னும் இலவச மென்பொருள், இணையமே இல்லாத பள்ளியில் ஒரு சிறு கணினியிற் பாடங்களைச் சேர்த்துவைத்து, சுற்றியுள்ள கருவிகட்கு வழங்குமாறு அமைக்கப்பெற்றது. மழைநாளில் கோபுரம் ஓய்ந்தாலும் பாடம் ஓயாதிருக்க இத்தகைய ஏற்பாடே உதவும்.

ஐந்தாவது, மொழி. இது நம் ஊருக்கே உரிய இடர்ப்பாடு. 2023-2024 கல்வியாண்டு முதல் புதுச்சேரி அரசு தன் பள்ளிகளின் உயர்வகுப்புக்களிலும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைக் கொணர்ந்தது. மீப்பெரு பொதுக் காரணி என்றும், மீச்சிறு பொது மடங்கு என்றும் கற்ற பிள்ளை, அடுத்த ஆண்டில் எச்.சி.எப். என்றும் எல்.சி.எம். என்றும் ஆங்கில நூலிற் காண நேர்ந்தது. கணக்குத் தெரிந்த பிள்ளை சொல் தெரியாமையால் கணக்குத் தெரியாத பிள்ளையாகக் கருதப்படுதல் பெருங்கொடுமை. அயலூரிற் செய்த செயலி ஒரு மொழியில் மட்டும் பேசும். காரைக்காற் பிள்ளைக்கு வேண்டியது, ஆங்கிலச் சொல்லைத் தொட்டவுடன் தமிழ்ச் சொல் தோன்றி, தமிழிலேயே விளக்கமும் காதிற்கேட்கும் அமைப்பு. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும், எழுத்தறியாத பாட்டியார்க்கும் அக்குரல் துணையாகும்.

பெண்மக்களும் காவலும்

ஒரே கைப்பேசியுள்ள வீட்டில் அது முதலில் யார் கைக்குச் செல்கின்றது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணனுக்குப் பரீட்சை என்பதால் அவனுக்கு. தங்கைக்குச் சமையலறை வேலை என்பதால் பிறகு. பிறகு என்பது பல வீடுகளில் இல்லையென்பதற்கு மறுபெயர். பெண்பிள்ளை கைப்பேசியைத் தொட்டால் கெட்டுவிடுவாள் என்று அஞ்சும் பெரியோரும் உளர். அவர் அச்சத்தை நான் இகழமாட்டேன், அதற்குக் காரணமுண்டு. இலவசம் என்று வரும் செயலிகள் பல, பாடத்துக்கு நடுவே விளையாட்டு விளம்பரத்தையும் சூதாட்ட விளம்பரத்தையும் காட்டுகின்றன. கொள்ளை நோய்க்காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் நிறுவனம் ஆராய்ந்து 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் நூற்றுக்கு 89 பிள்ளைகளின் விவரங்களை அவர்தம் உரிமைக்கு ஊறு நேரத்தக்க வகையிற் கையாண்டன என்று கூறிற்று. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் உறுதிப்பட்ட இசைவு வேண்டும் என்றும், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தலாகாது என்றும் விதிக்கின்றது.

ஆகவே, அஞ்சவேண்டியது விளம்பரமும் வேவும், பெண்ணின் கல்வியன்று. விளம்பரமற்ற, பெயரையும் இருப்பிடத்தையும் கேளாத செயலியைத் தேர்ந்து, கூடத்தில் அனைவரும் காண வைத்து, தங்கைக்கும் அண்ணனுக்கும் ஒத்த நேரம் அளிப்பதே முறையாகும்.

அனுபவம் உரைப்பது

இவ்வாறெல்லாம் அமைந்த செயலியாற் பயன் உண்டா? உண்டு, ஆனால் செயலி மட்டும் தனித்து நிற்கையில் அன்று. இரண்டு சான்றுகள் கூறுவேன்.

டெல்லி நகரில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் கணினிவழிப் பாடத்தை நடுநிலை வகுப்புப் பிள்ளைகட்கு நடத்தி ஆராய்ந்து, 2019-ஆம் ஆண்டில் பொருளியலறிஞர் மூவர் வெளியிட்டனர். பிள்ளைகள் பலர் தாம் இருக்கும் வகுப்புக்குப் பல படிகள் தாழ்ந்த நிலையில் இருந்தனர் என்பதும், அவரவர் நின்ற படியிலிருந்தே பாடம் தொடங்கியமையால் நாலரை மாதத்தில் கணக்கறிவு நன்கு உயர்ந்தது என்பதும் அவர் கண்ட முடிபுகள். ஆனால் அங்கே பிள்ளைகள் நிலையத்துக்கு வந்து, பாதி நேரம் கணினியின் முன்பும், பாதி நேரம் ஒரு மனிதத் துணையாசிரியரின் முன்பும் அமர்ந்தனர் என்பதை மறத்தலாகாது.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் 2020-ஆம் ஆண்டுப் பள்ளியடைப்பின்பொழுது நடந்தது இன்னும் வியப்பானது. ஒருசார் வீடுகட்கு வாரந்தோறும் கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பினர். மற்றொரு சார் வீடுகட்குக் குறுஞ்செய்தியோடு, வாரம் ஒருமுறை ஏறக்குறைய இருபது நிமிடம் ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பெற்றோருடனும் பிள்ளையுடனும் கணக்கைப் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் பெற்றோர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. குரலையும் கேட்ட பிள்ளைகளின் கணக்கறிவு உயர்ந்தது. பிறகு இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் இம்முறை ஆராயப்பெற்றுப் பயனுடையதென்று காணப்பட்டது. அங்கே திறன்பேசியும் வேண்டியிலது. பழைய பொத்தான் கைப்பேசியே போதியதாயிற்று. ‘அம்மா, இன்றைக்குப் பிள்ளை கணக்குப் போட்டதா?’ என்று ஒருவர் வாரந்தோறும் கேட்கின்றார் என்னும் எண்ணமே வீட்டை மாற்றுகின்றது. நம் சட்டாம்பிள்ளை மீண்டும் வந்துவிட்டான். தொலைபேசியில் வந்தான் என்க.

நாம் செய்யத்தக்கது

இவற்றாலெல்லாம் என் கருத்து யாதென்பது விளங்கியிருக்கும். சங்கத்தின் பெயரால் புதியதோர் செயலி செய்வித்தல் இப்பொழுது வேண்டியதன்று. செயலி என்பது கட்டிவிட்டால் நிற்கும் சத்திரமன்று. ஆண்டுதோறும் கைப்பேசிகள் மாறும், பாடத்திட்டம் மாறும், பழுது தோன்றும். ஓயாது செலவு கேட்கும் வயல் அது. நல்லனவாகிய இலவசச் செயலிகள் முன்னமே உள்ளன. நம்மிடம் இல்லாதது செயலியன்று. அதன் அருகில் அமரும் ஆளே.

ஆதலின் நான்கு காரியங்களை இச்சபையின்முன் வைக்கின்றேன்.

ஒன்று: நம் குடும்பங்களிலிருந்து ஐந்து பிள்ளைகளை, அவருள் மூவரேனும் பெண்களாக, தேர்ந்து, ஏற்கெனவே உள்ள சில செயலிகளை அவர்கையிற் கொடுத்து, அருகே வாய்திறவாது அமர்ந்து பார்த்தல் வேண்டும். எங்கே விரல் தயங்குகின்றது, எங்கே முகம் சுருங்குகின்றது என்று குறித்தால் போதும். அமைப்பின் பெருங்குறைகளைக் காண ஐவரே போதுவர் என்பது இத்துறையில் வல்ல ஜேக்கப் நீல்சன் என்பாரின் கருத்து. திருவேட்டக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பிற கல்லூரிகளிலும் பயிலும் நம் இளைஞர் இதற்கு உதவலாம். பிள்ளை தடுமாறினால் விளக்க முந்தலாகாது. ஏனெனில் வீட்டில் விளக்க ஒருவரும் இரார்.

இரண்டு: ஓய்வுபெற்ற ஆசிரியரும் கல்லூரி மாணாக்கரும் ஆளுக்கு மூன்று பிள்ளைகளை ஏற்று, வாரம் ஒருமுறை இருபது நிமிடம் தொலைபேசியில் அழைத்துக் கணக்குப் பேசுதல் வேண்டும். ‘விடை என்ன’ என்று கேளாது, ‘எப்படிப் போட்டாய்’ என்று கேட்டல் வேண்டும். நிதியின் முதற்பகுதி இவ்வழைப்புக்களின் செலவுக்கும், கைப்பேசியே இல்லாத வீடுகட்கும் ஆகுக.

மூன்று: கணக்குச் சொற்களைத் தமிழிலும் ஆங்கில ஒலியிலும் இணைத்து, நம் மாத இதழில் பக்கம் ஒன்று தொடர்ந்து வெளியிடல் வேண்டும். தாயார் அதனைச் சுவரில் ஒட்டிவைப்பாராயின் பிள்ளைக்குப் பெருந்துணையாகும்.

நான்கு: அடைமழைக் காலம் தொடங்குமுன்னரே பாடங்களைக் கைப்பேசியில் இறக்கிவைக்கும் நாள் ஒன்றைப் புரட்டாசியில் நடத்துதல் வேண்டும். வெள்ளம் வந்தபின் வரப்புக் கட்டுதல் உழவர்க்கு வழக்கமன்றே!

இவற்றை ஓராண்டு நடத்திப் பார்ப்போம். பிறகும் நம் பிள்ளைகட்கென்று தனிச்செயலி வேண்டுமென்று தோன்றினால், அப்பொழுது நம் கையில் ஐந்து பிள்ளைகளின் தயக்கமும், ஐம்பது வீடுகளின் அனுபவமும், ஆசிரியர்கள் தொகுத்த தவறுகளின் பட்டியலும் இருக்கும். அவற்றைக் கொண்டு செய்யும் செயலி செயலியாகும். இன்று செய்வதோ பெயர்ப்பலகையாகவே முடியும்.

கணக்கறியாத பிள்ளை கடையில் ஏமாறும். கடன் பத்திரத்தில் ஏமாறும். வேலைக்குரிய பரீட்சையில் பின்தங்கும். பள்ளியடைபட்ட காலத்தில் பின்னத்தையும் வகுத்தலையும் தவறவிட்ட பிள்ளைகள் இன்று மேல்வகுப்புக்களில் அமர்ந்து, தெரியாததைத் தெரியாதென்று சொல்ல நாணி இருக்கின்றனர். அவர் நாணத்தை நீக்குதல் பொருளுடையாரால் மட்டும் ஆவதன்று. வாரத்தில் இருபது நிமிடம் உடையார் எல்லாராலும் ஆவது. அவ்விருபது நிமிடத்தைத் தர இசைவோர் இக்கூட்டத்தின் முடிவில் காரியதரிசியவர்களிடம் தம் பெயரைப் பதிவு செய்யுமாறு வேண்டுகின்றேன்.